இருபக்கப் பலகை

இருபது வருடமாக போர்டு எழுதுகிறேன், ஒரு பிழை வந்ததில்லை என்று வாய் கிழியப் பேசியவன் நான். அந்த வாயை இப்போது எதைக்கொண்டு அடிப்பது என்று தெரியவில்லை.

கடைத்தெருவின் நடுவே குழாய் பதிக்க ஒரு லாரி நீளத்துக்குத் தோண்டப் போகிறார்களாம். பள்ளத்துக்கு ஒரு பக்கம் லாரியும் பஸ்ஸும். மறுபக்கம், சுவரை ஒட்டி, சைக்கிளும் நடந்து போகிறவர்களும். சைக்கிள்காரர்களுக்கு அம்பு போட்டு வழி காட்ட, நடுவில் நட இருபக்கமும் எழுதிய பலகை வேண்டும் என்றார் மேஸ்திரி.

ஞாயிற்றுக்கிழமை அதை எழுதும்போது அத்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அக்காவின் கணவர், அச்சகத்தில் பைண்டிங் வேலை. சைக்கிளில்தான் போய்வருவார். காலி ரோட்டில்கூட இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கடப்பார்.

"என்ன மச்சான், அம்பா இது? கத்தரிக்காய்க்குக் காம்பு வெச்ச மாதிரி இருக்கு."

"உங்களுக்குப் பசி அத்தான். எதைப் பார்த்தாலும் காய்கறியாத்தான் தெரியும்."

சிரித்துக்கொண்டே பலகையைப் புரட்டி, அம்பு வெட்டிய தாளை வைத்து வண்ணம் பூசினேன். தாளையும் புரட்டியிருக்க வேண்டும். ஒரு திசையில் வருகிறவனுக்கு வலது என்றால், எதிர்த்திசையில் வருகிறவனுக்கு அதே வழி இடது. தொழிலுக்கு வந்த முதல் வாரம் கற்றுக்கொண்ட பாடம் இது. சிரிப்பில் மறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை மதியம் பலகையை நட்டார்கள். அத்தான் காலையில் வேலைக்குப் போனபோது பள்ளமும் இல்லை, பலகையும் இல்லை. மாலையில் திரும்பியபோது அம்பு காட்டிய பக்கம் சைக்கிளைத் திருப்பினார். எதிரே தண்ணீர் லாரி.

செய்தி கேட்டு ஓடினேன். அத்தான் வந்த திசையிலிருந்து பலகையைப் பார்த்தேன். அப்போதே தெரிந்துவிட்டது.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அக்கா ஒன்றையே சொன்னாள்: "பள்ளத்துக்கிட்ட வந்து போன் பண்ணாருங்க. 'நம்ம மச்சான் எழுதின போர்டு பளிச்சுன்னு நிக்குது, அவன் காட்டுற வழியிலயே வந்துடறேன்'னு சொன்னாரு." சொல்லிவிட்டு என் தலையைத் தடவிக்கொடுப்பாள். எல்லோரும் லாரிக்காரனைத் திட்டினார்கள். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். மூன்று நாள் அந்த அம்பு அப்படியே நின்றது. யார் யாரை எங்கே அனுப்பியதோ!

நான்காம் நாள் காலை, யாருக்கும் சொல்லாமல் வண்ண டப்பாவோடு போனேன். பாதி அம்பை அழித்திருப்பேன், பின்னால் அக்கா. அவர் விழுந்த இடத்தைப் பார்க்க வந்திருக்கிறாள்.

"ஏன்டா அழிக்கிற? அவர் கடைசியா பார்த்த எழுத்துடா அது."

பொய் சொல்லியிருக்கலாம். வண்ணம் மங்கிவிட்டது என்றால் நம்பியிருப்பாள். பிரஷ்ஷை டப்பாவில் வைத்தேன்.

"அக்கா, இந்தப் பக்கம் அம்பு இடது பக்கம் பார்த்திருக்கணும். நான்தான் மாத்திப் போட்டுட்டேன்."

அக்கா பலகையைப் பார்த்தாள். லாரிகள் போகும் பக்கம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அடித்தால் தேவலை என்றிருந்தது. அடிக்கவில்லை.

தூரத்தில் ஒருவர் பின்சீட்டில் குழந்தையை வைத்து சைக்கிள் மிதித்து வந்தார். அக்கா நடுரோட்டில் இறங்கி இரு கைகளையும் விரித்து நின்றாள்.

"சீக்கிரம் எழுது," என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

எழுதினேன். அக்கா என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.