வெள்ளுடையில் இறந்தான்

புனித லாரன்ஸ் திருநாளுக்கு மறுநாள், மாலைப் பாடம் முடிந்தபின்.

ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டேன். கேட்டுத் தெளிந்திருக்கலாம். கேட்கவில்லை.

வசந்தத்தில் டேனியர் நாட்டிலிருந்து திரும்பிய டோஸ்டி, தன்னோடு கப்பலேறிய ஹேமிங் அங்கே காய்ச்சலில் செத்துப்போன செய்தியைக் கொண்டுவந்தான். "நெத்தியில சிலுவையோடதான் போனான்" என்றான். ஞானஸ்நானம் வாங்கிவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன். ஹேமிங்கின் தாய் குன்வோர் நிறுத்தச் சொன்ன நினைவுக்கல்லில், செதுக்கிய பாம்பின் உடலுக்குள் எங்கள் பழைய ரூன் எழுத்தில் வெட்டினேன்: 'வெள்ளுடையில் இறந்தான்.' முழுக்குப் பெற்றவர்கள் உடுத்தும் வெள்ளை அது.

எழுத்துகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். செய்தியை அல்ல.

இன்று டோஸ்டி மறுபடி கரையிறங்கினான். பாலத்தடியில் கல்லைப் படித்துவிட்டுச் சிரித்தான்.

"எவன்டா சொன்னான் வெள்ளுடைன்னு? அவன் தலையில சொட்டுத் தண்ணி பட்டதில்ல. சந்தைக்குப் போறதுக்கு முன்னாடி பாதிரி நெத்தியில சிலுவை கிறுக்குவாரு, அவ்வளவுதான். அது இல்லேன்னா கிறிஸ்தவன் நம்மகூட உக்காந்து தின்ன மாட்டான், யாவாரமும் பண்ண மாட்டான். நானே ரெண்டு ஊர்ல வாங்கியிருக்கேன்!"

குன்வோர் அவனுக்குப் பின்னால் நின்றிருந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

மாலை கோயில் பாடத்தில் நாங்கள் மெழுகுப் பலகையில் லத்தீன் எழுத்துகளைக் கீறிக்கொண்டிருந்தபோது அவள் உள்ளே வந்தாள். பாடம் நடத்திக்கொண்டிருந்த பாதிரியார் ஆல்பிரிக்கிடம் நேராகக் கேட்டாள்.

"சாமி, வெறும் சிலுவை மட்டும் போட்டவன் செத்தா எங்க போவான்?"

"தண்ணி படாதவங்களுக்குப் பரலோகத்துல வாசல் இல்லம்மா. கல்லுல பொய் நிக்கவும் கூடாது. அந்தச் சொல்ல எடுத்துடணும்."

"அப்ப அவன் முழுகாமச் செத்த எங்கப்பன் பாட்டன்கூட இருப்பான்."

"ஆமா."

"நான்?"

"நீங்கதான் பெந்தெகொஸ்தே திருநாளுக்கு முழுக்கு வாங்கிட்டீங்களே. உங்களுக்குப் பரலோகம்தான்."

"அந்தக் கல்லப் பாத்துட்டுத்தான் சாமி முழுகினேன். அவன் இருக்கற எடத்துக்குப் போகலாம்னு. நீங்க ஊத்துன தண்ணியத் திருப்பி எடுத்துக்கோங்க."

"அது முடியாதும்மா."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நல்லா ஆழமா வெட்டியிருக்க, தம்பி" என்றாள். கோபம் இல்லை. கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

பாதிரியார் அதன்பின் யாருடைய பலகையையும் திருத்தவில்லை.

நாளை: முதலில் குன்வோர் வீட்டுக்குப் போய், மகன் பெயரும், கல்லை நிறுத்தியவளாக அவள் பெயரும் அப்படியே இருக்கட்டுமா என்று கேட்க வேண்டும். பிறகு உளியைத் தீட்டி, 'வெள்ளுடையில்' என்ற சொல்லைக் கொத்தி எடுக்க வேண்டும்.