சந்தனம் கரைந்த தண்ணீர்

1938 கோடையில் சேக்காட்டில் வாந்திபேதி கண்டு பத்து நாளில் நான்கு பேர் போனார்கள். வடிவின் இரண்டு வயது மகளும் வயிற்றுப்போக்கில் துவண்டு, ஆவடி நர்ஸம்மா ஞானகுமாரியின் வைத்தியத்தில் பிழைத்தாள். "கொழந்தையோடத கண்ட எடத்துல கொட்டாத. குழி வெட்டிப் போட்டு, சாம்பல் தூவி மூடு. கைய சோப்புப் போட்டுக் கழுவு" என்று நர்ஸம்மா சொன்னாள். வடிவு அதை அன்றைக்கே பிடித்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுச் செங்கல்வராயன் பஞ்சாயத்து போர்டு மெம்பர். அவருக்கு ஆறு பேரக்குழந்தைகள். ஆறும் கழிப்பதை மருமகள்கள் பூவரச இலையில் வழித்து மதிலுக்கு வெளியே வீசுவார்கள். வெளியே பொதுக்கிணறு. மழை பெய்தால் அத்தனையும் கிணற்றுக்குள் ஊர்வலம் போகும். மெம்பர் வீட்டுக்குத் தனிக்கிணறு உண்டு.

வடிவு போய் நயமாகச் சொல்லிப் பார்த்தாள்.

"பால் குடிக்கிற பசங்களோடதும்மா. அதுல இன்னா கீது? சந்தனம் மாதிரி!" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார் மெம்பர்.

அடுத்த வாரம் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். மெம்பர் ஊரைக் கூட்டி, அவருக்கு மாலை போட்டு, பொதுக்கிணற்றடியில் நாற்காலி போட்டு, சுத்தத்தின் பெருமையை முக்கால் மணி நேரம் பேசினார். நோய் வேப்பம்பட்டிலிருந்து ரயிலேறி வந்ததாம். பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கொண்டது.

வடிவு பொதுக்கிணற்றில் இறைத்து ஒரு செம்பை நீட்டினாள்.

"குடிங்க மாமா."

மெம்பர் செம்பைப் பார்த்தார். மதிலைப் பார்த்தார். "எங்க ஊட்டுத் தண்ணி எடுத்தாங்கடா!" என்றார்.

"இன்னாத்துக்கு மாமா? சந்தனம் கரைஞ்ச தண்ணிதானே?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இன்ஸ்பெக்டர் மதிலோரம் எட்டிப் பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார். மறுநாள் கிணற்றில் மருந்து விழுந்தது. மெம்பர் வீட்டுக்குக் குழி வெட்டச்சொல்லி நோட்டீஸ் வந்தது.

குழி வெட்டினார்கள். நோயும் அடங்கியது. ஆடி மாதத்துக்குள் அந்தக் குழி மெம்பரின் சொந்த யோசனையாகிவிட்டது. குமணன்சாவடியில் கூட்டம் போட்டே பேசினார். ஒருநாள் வடிவுக்கும் பாடம் சொல்ல வந்துவிட்டார்.

"குழியில சாம்பல் தூவணும், தெரியுமாம்மா?"

வடிவு சிரிப்பைக் காட்டிக்கொள்ளவில்லை. "அப்படியா மாமா? எவ்ளோ தூவணும்?"

மெம்பர் இரண்டு கைகளையும் அகல விரித்து, ஒரு பிடி போதுமான இடத்துக்கு ஒரு முறம் நிறையக் காட்டினார். அந்த மனிதர் ஒரு நாளும் சாம்பலை அள்ளியதில்லை என்பது அவளுக்குத் தெரிந்துபோயிற்று.