அக்கா திட்டும் மாத்திரைப் பெட்டி

தையல் மெஷின் மெக்கானிக்குக்கு ரத்த அழுத்தம் இருப்பதாக டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகியிருந்தது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, ஆக மொத்தம் இரண்டே மாத்திரை. அந்த இரண்டை அவர் வாய்க்குள் அனுப்புவதற்குள் மனைவிக்குத் தாவு தீர்ந்துவிடும். மாத்திரையின் மேல் அவருக்கு விரோதம் ஒன்றும் கிடையாது. மறந்துவிடுவார், அவ்வளவுதான். ஒரு மெஷினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டால் பசியே தெரியாத மனிதருக்கு மாத்திரை எங்கே ஞாபகம் வரப்போகிறது?

அதனால்தான், பேசும் மாத்திரைப் பெட்டி ஒன்று செய்துவிடுவதென்று முடிவெடுத்தார்.

நூலகத்துக்குப் பின்னால், பழைய புத்தகக் கிடங்காக இருந்த நீளக் கூடத்தில் ஒரு பொதுப்பட்டறை நடந்துகொண்டிருந்தது. யார் வேண்டுமானாலும் வரலாம், எந்தக் கருவியை வேண்டுமானாலும் எடுத்து வேலை செய்யலாம், போகும்போது பெருக்கிவிட்டுப் போகவேண்டும். பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காகப் பொருளை உருவாக்கும் 3டி பிரிண்டர் இரண்டு, சால்டரிங் அயன்கள், மரம் அறுக்கும் இயந்திரம், ஐந்து மேஜைகள். ஐந்து மேஜைக்கும் கால் ஆடும். இத்தனை கருவி இருந்தும் அதை யாரும் சரிசெய்ததில்லை. ஆளுக்கொரு பெரிய கண்டுபிடிப்பில் மும்முரமாக இருந்தார்கள்.

பட்டறைக்குப் பொறுப்பு, ஓய்வுபெற்ற பௌதிக டீச்சர். அங்கே செய்த எதையும் ஒளித்துவைக்கக் கூடாது என்பது அவருடைய ஒரே பிடிவாதம். வரைபடம் முதல் கடைசித் திருகாணியின் அளவு வரை எல்லாவற்றையும் இணையத்தில் பொதுவில் போட்டுவிட வேண்டும். உலகத்தில் யாரும் எடுத்துச் செய்துகொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம். மாற்றியதை மறுபடியும் பொதுவில் வைத்துவிட வேண்டும்.

மெக்கானிக் மூன்று வாரத்தில் பெட்டியை முடித்தார். ஏழு நாளுக்கு ஏழு ஜோடி அறைகள். குறித்த நேரத்தில் அந்த அறையின் மூடியைத் திறக்காவிட்டால் பெட்டி பேசும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம், ஒவ்வொரு தரமும் சற்று உரக்க. குரல் கொடுக்க மனைவியைக் கூப்பிட்டார். அவள் வெட்கப்பட்டு, தண்ணீர் குடித்து, கண்ணை மூடிக்கொண்டு, "என்னங்க... மாத்திரை நேரமாச்சுங்க" என்றாள். தேன் ஒழுகியது.

மறுநாள் மாலை பெட்டி வீட்டில் முதல்முறையாக, "என்னங்க... மாத்திரை நேரமாச்சுங்க" என்றது.

"இதோ" என்றார் மெக்கானிக், கையிலிருந்த பாபினிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பெட்டி ஆறு தரம் கூப்பிட்டது. ஆறு தரமும் "இதோ".

"இருபத்தாறு வருஷமா எனக்குச் சொல்ற அதே 'இதோ'" என்றாள் மனைவி. "நான்தான் பாவம்னு நெனச்சேன். இப்போ பெட்டியும் பாவம்."

சத்தத்தைக் கூட்டிப் பார்க்கலாம் என்று மறுநாள் பெட்டியைப் பட்டறைக்கு எடுத்துப் போனார். மைக்கை ஓடவிட்டு, வயர்களை நோண்டிக்கொண்டிருந்தபோதுதான் அக்கா வந்தாள்.

அவருடைய அக்கா, ஊர் நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். தண்ணீருக்குள் முங்கிக் கிடப்பவனுக்கும் கேட்கும்படி முப்பது வருஷம் கத்திப் பழகிய தொண்டை. கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அதை அவள் ஊதி யாரும் பார்த்ததில்லை. தேவைப்படவில்லை.

"டேய்! மாத்திரை போட்டியா இல்லையா?" கதவருகிலிருந்தே ஆரம்பித்தாள். "உன் பொண்டாட்டி போன் பண்ணி அழறா. என்ன முழிக்கிற? எருமை மாதிரி நிக்காம எடுத்து வாயில போடுடா! போடு! தண்ணி குடி! ம்... முழுங்கு!"

மெக்கானிக் விழுங்கினார். இரண்டு மேஜை தள்ளி ஏதோ இழைத்துக்கொண்டிருந்த தச்சர், மாத்திரையே இல்லாமல் எச்சிலை விழுங்கினார். டீச்சர் அவசர அவசரமாகக் கைப்பையைத் துழாவி, காலையில் மறந்த தைராய்டு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டார். மைக் எல்லாவற்றையும் சமர்த்தாகப் பதிவு செய்தது.

அன்று சாயங்காலம் மெக்கானிக் தன் பெட்டியைப் பொதுவில் போட உட்கார்ந்தார். கம்ப்யூட்டரில் குரல் ஒன்று, குரல் இரண்டு என்று இரு கோப்புகள். ஒன்று மனைவி, இரண்டு அக்கா. அக்காவை அழித்துவிட்டு மனைவியை அனுப்ப வேண்டும். மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். மனைவியை அழித்துவிட்டு அக்காவை அனுப்பினார்.

இரண்டு மாதம் யாரும் மூச்சுக்காட்டவில்லை. ஒருநாள் டீச்சர் கூப்பிட்டார்.

"மெக்கானிக் சார், உங்க பெட்டிக்கு லெட்டர் வந்திருக்கு."

வருஷத்தில் பாதி நாள் பனி பெய்யும் ஒரு தூர தேசத்தில், முதியோர் இல்லம் ஒன்றிலிருந்து ஒரு நர்ஸ் எழுதியிருந்தாள். டீச்சர் தமிழில் படித்துச் சொன்னார்.

"எட்டுப் பெட்டி செஞ்சோம். அந்த அம்மா என்ன சொல்றாங்கன்னு எங்க யாருக்கும் ஒரு வார்த்தை புரியல. ஆனா முதல் தடவை கேட்டதுமே எல்லாரும் மாத்திரையைப் போட்டுட்டாங்க. மாத்திரையே இல்லாத ஒருத்தர், எனக்கும் ஏதாவது குடுங்கன்னு கெஞ்சினார். அது பிரார்த்தனைன்னு சிலர் சொல்றாங்க, ராணுவக் கட்டளைன்னு சிலர் சொல்றாங்க. அர்த்தம் எழுதி அனுப்ப முடியுமா?"

"பிரார்த்தனையா?" மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "என் பொண்டாட்டி அவ்வளவு கண்டிப்பா ஒண்ணும் பேசலையே?"

டீச்சர் அந்தக் குரலை ஓடவிட்டார். பட்டறை அதிர்ந்தது. தச்சர் மறுபடியும் எச்சில் விழுங்கினார். மெக்கானிக்கின் முகத்தில் ஈயாடவில்லை.

அதற்குப் பிறகு கடிதம் மேல் கடிதம். மலை மேல் இருக்கும் ஒரு சிறு ஆஸ்பத்திரி பன்னிரண்டு பெட்டி செய்திருந்தது. ஒரு தீவில், வானொலியில் செய்தி வாசிப்பவரைக் கூப்பிட்டு, உள்ளூர் மொழியில் இதமாகப் பேசவைத்துக் குரலை மாற்றிப் பார்த்தார்களாம். நோயாளிகள் பெட்டியின் மேல் போர்வையைப் போட்டு மூடிவிட்டார்கள். மறுவாரமே அக்காவைத் திரும்ப வைத்துவிட்டார்கள். டீச்சர் அர்த்தத்தை ஒளிக்காமல் எழுதி அனுப்பியதில், பனி நாட்டு நர்ஸ் ஒரு எருமையின் படம் கேட்டு வாங்கிக்கொண்டாள். இப்போது அங்கே ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு எருமை ஒட்டியிருந்தது.

"எல்லாம் சரி" என்றார் டீச்சர். "ஆனா இது உங்க அக்கா குரல். அவங்களைக் கேக்காம பொதுவில வச்சது தப்பு. போய்ச் சொல்லுங்க. அவங்க வேண்டாம்னா எடுத்துடணும்."

மெக்கானிக், எதற்கும் இருக்கட்டும் என்று காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு நீச்சல் குளத்துக்குப் போனார். குளக்கரையில் நின்று, நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்தார். அக்கா இமைக்காமல் கேட்டாள். தள்ளிவிட்டால் எந்தப் பக்கம் விழுவோம் என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாடு?" என்றாள் அக்கா.

"பதினொண்ணு."

"பதினொண்ணா!" குளத்தில் இருந்தவர்கள் எல்லோரும் நீந்துவதை நிறுத்திவிட்டார்கள். "ஏண்டா, அன்னிக்கு எனக்கு ஜலதோஷம்டா! மூக்கடைச்ச குரலையா உலகத்துக்கு அனுப்பின?"

"அப்போ... இருக்கலாமா, எடுத்துடணுமா?"

"எதுக்கு எடுக்கணும்? நல்லதுக்குத்தானே. ஆனா ஒழுங்கா இன்னொரு தடவை பேசித் தரேன். அதைப் போடு." சற்று யோசித்தாள். "யார் வேணும்னாலும் மாத்தலாம்னியே, என் திட்டையும் மாத்துவாங்களா?"

"மாத்தலாம். ஆனா மாத்தினதையும் எல்லாருக்கும் குடுத்துடணும்."

"நல்லா திட்டினா எனக்கும் அனுப்பச் சொல்லு. கத்துக்கறேன்."

நர்ஸ் இன்னும் இரண்டு வாசகம் கேட்டிருந்தாள்: தண்ணீர் குடிக்கச் சொல்வது ஒன்று, கைத்தடி இல்லாமல் எழுந்திருக்கக் கூடாது என்பது ஒன்று. எல்லாவற்றையும் சேர்த்துப் பதிவு செய்துவிடலாம் என்று நாள் குறித்தார்கள். அக்கா தலையைப் படிய வாரி, விசிலைத் துடைத்துப் பளபளப்பாக்கி மாட்டிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு தாள். மைக் முன்னால் நின்று தொண்டையைச் செருமினாள்.

"அன்பார்ந்த உலக மக்களே! தங்கள் மாத்திரைகளைத் தவறாது உட்கொள்ளுமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்."

மெக்கானிக் வாயைப் பிளந்தார். பிறந்ததிலிருந்து அக்கா யாரையும் பணிவுடன் கேட்டு அவர் பார்த்ததில்லை. ஆனாலும் அதைச் சொல்லத் தைரியம் யாருக்கு? அப்படியே அனுப்பிவைத்தார்கள்.

ஒரே வாரத்தில் நர்ஸிடமிருந்து பதில் வந்தது. "இந்தப் புது அம்மா யாரு? ரொம்ப நல்லவங்களா இருக்காங்க. எல்லாரும் பெட்டியைக் கேட்டுக்கிட்டே நிம்மதியா தூங்கிடறாங்க. மாத்திரை அப்படியே கிடக்கு. பழைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?"

அக்காவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. திட்டியே பேசித் தருகிறேன் என்று மறுபடியும் வந்தாள். "டேய்..." என்று ஆரம்பித்தாள். மைக்கைப் பார்த்தாள். "...ராஜா" என்று முடித்தாள்.

"மைக்கைப் பார்த்தா பதினொரு நாட்டு ஜனமும் கண்ணு முன்னாடி வந்து நிக்குதுடா. கோபம் எங்கேர்ந்து வரும்?"

பட்டறையே அக்காவுக்குக் கோபம் வரவழைக்கும் வேலையில் இறங்கியது. அக்கா வரச்சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்து மெக்கானிக் போய் நின்றார். "வேலை இருந்திருக்கும், பரவாயில்ல" என்றாள் அக்கா. அவளுடைய துண்டின் மேல் டீயைக் கொட்டினார். "கை சுட்டுச்சா?" என்று ஊதிவிட்டாள். "அது என்ன நீச்சல் குளமா? பெரிய சைஸ் தொட்டி!" என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தார் தச்சர். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நீச்சல் குளத்தில் யாரோ தலைகீழாக விழுந்ததற்குக்கூட, "மெதுவா, கண்ணு" என்றாளாம். ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று மெக்கானிக்கின் மனைவி கவலைப்பட்டாள். "உங்க அக்கா என்னை ரெண்டு நாளா ஒரு குறை சொல்லலீங்க. டாக்டர்கிட்ட காட்டலாமா?"

கடைசியில் டீச்சர்தான் வீடியோவில் நர்ஸோடு பேச ஏற்பாடு செய்தார். கேட்பவர்களை நேரில் பார்த்தாலாவது அக்காவுக்குக் கூச்சம் விலகும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. இங்கே பகல் மூன்று மணி, அங்கே காலை உணவு நேரம். திரையில் ஒரு பெரிய சாப்பாட்டுக் கூடம் தெரிந்தது. நீள மேஜையைச் சுற்றி எட்டுப் பெரியவர்கள், ஆளுக்கொரு எருமைப் பெட்டி. அக்காவைப் பார்த்ததும் எட்டுப் பேரும் கையை ஆட்டினார்கள். ஒரு பாட்டியம்மா பறக்கும் முத்தம் கொடுத்தாள். அக்காவின் கண் கலங்கிவிட்டது.

'போச்சு' என்று நினைத்துக்கொண்டார் மெக்கானிக். இருந்தாலும் பதிவுப் பொத்தானை அழுத்தி வைத்தார்.

நர்ஸ் எல்லோருக்கும் மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். மேஜைக் கோடியில் சிவப்புக் குல்லா போட்ட தாத்தா ஒருவர், மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீரும் குடித்து, நர்ஸைப் பார்த்து நல்ல பிள்ளையாகச் சிரித்தார். நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும், கன்னத்தில் ஒதுக்கியிருந்த மாத்திரையை எடுத்து ஜன்னலோரப் பூந்தொட்டிக்குள் செருகினார்.

வேறு யாரும் கவனிக்கவில்லை. ஆனால் அக்காவின் கண், தரையில் காலை ஊன்றிக்கொண்டு நீந்துவதுபோல் கையை அடிக்கும் ஆளை ஐம்பது பேருக்கு நடுவில் கண்டுபிடிக்கிற கண்.

"ஏய்! சிவப்புக் குல்லா!"

பட்டறையின் ஜன்னல் கண்ணாடி கிணுகிணுத்தது. தாத்தா உட்கார்ந்த இடத்திலேயே ஓர் அங்குலம் எழும்பினார்.

"யாரை ஏமாத்தற? பிரஷர் உனக்கா, செடிக்கா? எடு! எடுங்கறேன்ல! அய்யய்ய, அது மண்ணு, அதை வாயில வைக்காத! டீச்சர், நர்ஸம்மாவை வேற குடுக்கச் சொல்லுங்க! ம், வாயைத் திற! போடு! நாக்கைத் தூக்கிக் காட்டு! தண்ணி குடி, முழு டம்ளரும் குடி! மத்தவங்களும் என்ன வேடிக்கை? குடிங்க எல்லாரும்! ஏம்மா, முத்தம் குடுத்தவளே, நீ எங்க எழுந்து போற? கைத்தடி எங்க? கைத்தடி இல்லாம ஒரு அடி வைக்கக் கூடாது. உக்காரு!"

எட்டுப் பேரும் தண்ணீரைக் குடித்தார்கள். நர்ஸும் குடித்தாள். பாட்டியம்மா பொத்தென்று உட்கார்ந்தாள். மெக்கானிக் பதிவுப் பொத்தானைக் கட்டிக்கொள்ளாத குறைதான். கேட்ட வாசகம் அத்தனையும் ஒன்றுவிடாமல், மூக்கடைப்பும் இல்லாமல், அதில் இருந்தது.

நர்ஸ் பூந்தொட்டியைக் கிளறியபோது பத்தொன்பது மாத்திரைகள் கிடைத்தன. செடி மட்டும் திவ்வியமாக இருந்தது.

தாத்தா குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நர்ஸிடம் ஏதோ முணுமுணுத்தார். டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார். "உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு கேக்கறார்."

அக்கா இதுவரைக்கும் தனியாள்தான். மெக்கானிக் மேஜைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

"முதல்ல ஒரு மாசம் ஒழுங்கா மாத்திரையைப் போடச் சொல்லுங்க" என்றாள் அக்கா, விசிலைத் திருகிக்கொண்டே. "அப்புறம் பேசிக்கலாம்."

புதுக் குரலை அன்றைக்கே பொதுவில் போட்டார்கள். சிவப்புக் குல்லாவைப் பற்றிய பகுதியை வெட்டிவிடலாமா என்று டீச்சர் கேட்டு எழுதியதற்கு, வேண்டவே வேண்டாம் என்று தாத்தாவே பதில் போட்டார். இப்போது பல தேசங்களில், குல்லாவே போடாத ஆட்களும் "சிவப்புக் குல்லா!" என்று கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து மாத்திரையை எடுத்துக்கொள்கிறார்கள்.

தாத்தா யாரிடமோ கேட்டு ஒரு தமிழ் வார்த்தை கற்றுக்கொண்டார். தினமும் பகல் மூன்று மணிக்குப் பட்டறையின் போனுக்கு அவருடைய குரல் வந்துவிடும். "போட்ட்டாச்சு."

மெக்கானிக் அதை நீச்சல் குளத்துக்கு அனுப்பிவைப்பார். அடுத்த நிமிஷமே அக்காவிடமிருந்து பதில் வரும்.

"தண்ணி குடிச்சாரான்னு கேளுடா."