வேப்பங்கன்று நின்ற இடம்

டமார் என்று அடியில் வெடித்த சத்தத்தில் பேருந்து ஒரு பக்கமாகக் குலுங்கி நின்றது. வெள்ளிமலைக்கு ஏறுகிற வளைவு அது. பள்ளத்துப் பக்கம் உட்கார்ந்திருந்த குஞ்சம்மாளுக்கு உயிர் தொண்டைக்கு வந்துவிட்டது. டயர்தான் என்று தெரிந்து எல்லோரும் மூச்சு விட்டபோது அவளுக்கு மட்டும் வேறு பயம் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இருக்கிற பாப்பாத்தி, வா வீட்டுக்கே போய்விடலாம் என்று சொல்லிவிட்டால்? பொழுது சாய்வதற்குள் பாப்பாத்தி ஊருக்குள் கால் வைத்துவிடக் கூடாது.

ஊர் ரிஷிவந்தியத்துக்குப் பக்கம். அங்கே ரோட்டோரம் கிடக்கும் பாப்பாத்தியின் அரை ஏக்கரில் அவள் மகன் கலையரசன் இந்நேரம் கடப்பாரையோடு இறங்கியிருப்பான். அவன் அப்பன் சின்னக்கண்ணுவைப் புதைத்தது அங்கேதான். நிலத்தை மனை போடுகிறவருக்குப் பேசி முடித்தாயிற்று. பாப்பாத்தி அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் வாங்குகிறவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, பொணம் கிடக்கிற இடத்தில் எவன் வீடு கட்டுவான், நாளை மறுநாள் ஜேசிபி வருகிறது, அதற்குள் எடுத்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். எலும்பைப் பொறுக்கி ஊர்ச் சுடுகாட்டில் வைத்துவிடலாம் என்று கலையரசன் முடிவு செய்தான். அதை அம்மாவிடம் சொல்லத்தான் அவனுக்கு வாய் வரவில்லை. கரும்புக் கொல்லைக்கு வந்து குஞ்சம்மாள் முன்னால் நின்று அழுதான்.

"அப்புறமா தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவுது சித்தி. கண்ணால பாத்துச்சின்னா அங்கயே வுழுந்து செத்துடும். ஒரு பொழுது எங்கனா கூட்டிக்கினு போயேன்."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பாப்பாத்தியும் குஞ்சம்மாளும் ஒரே கொல்லையில் தோகை உரித்தவர்கள். ஒருத்தி முதுகில் கரும்புச் சுணை குத்தினால் மற்றவள் தேங்காயெண்ணெய் தடவி விடுவாள். அவளிடம் போய்ப் பொய் சொல்ல வேண்டியதாகிவிட்டதே என்று குஞ்சம்மாளுக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. காலையில் போய், பொம்பளைகளுக்கு பஸ்தான் சும்மாவாயிற்றே, மலையை ஒரு தரம் பார்த்துவிட்டு வரலாம் வா என்று கூப்பிட்டாள். ஆயிரம் கேள்வி வரும் என்று நினைத்தாள். ஒன்றும் வரவில்லை. பாப்பாத்தி உள்ளே போய், சின்னக்கண்ணு கடைசியாக எடுத்துக் கொடுத்த சந்தனக் கலர் புடவையைக் கட்டிக்கொண்டு, புளிச்சோற்றுத் தூக்கோடு வந்து நின்றாள்.

கள்ளக்குறிச்சியில் பஸ் மாறும்போதுகூடக் கிண்டலுக்குக் குறைவில்லை. "வயசுல கூப்ட்டிருந்தா எவனாச்சும் திரும்பிப் பாத்திருப்பான். பல்லு ஆடற காலத்துல இன்னாடி ஜோடி போட்டுக்கினு?" என்றாள் பாப்பாத்தி. குஞ்சம்மாளும் சிரித்து வைத்தாள்.

இப்போது கண்டக்டர் எல்லோரையும் இறக்கிவிட்டு, அடுத்த வண்டிக்கு நேரமாகும், அவசரமென்றால் கீழே போகிற வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள் என்றார். பாதிப் பேர் அப்படியே கீழே திரும்பிப் போனார்கள். குஞ்சம்மாள் பாப்பாத்தியின் முகத்தைப் பார்த்தாள். அவளோ முந்தானையால் தடுப்புச் சுவரைத் தட்டிவிட்டு நிதானமாக உட்கார்ந்தாள். வந்தது வந்தோம், மெதுவாகவே போகலாம், வீட்டில் என்ன வைத்திருக்கிறது என்றாள். குஞ்சம்மாளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

கரியாலூர் ஏரிக்கு வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். தண்ணீரில் இரண்டு படகுகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்றில் புதுசாகக் கல்யாணமான ஜோடி, அந்தப் பெண் பயத்தில் புருஷன் சட்டையைப் பிடித்திருந்தாள். கரையில் மர நிழலில் உட்கார்ந்து தூக்கைத் திறந்ததும் பாப்பாத்தி ஒரு கவளத்தை எடுத்து வாதாம் இலையில் வைத்து, காக்காவுக்கு என்று தள்ளி வைத்தாள். அமாவாசையும் இல்லை, திதியும் இல்லை. காக்காவும் வரவில்லை. பாப்பாத்தி சாப்பிடாமல் அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது குஞ்சம்மாளின் மடியில் இருந்த போன் அடித்தது. திரையைப் பார்த்ததும் எழுந்து, சிக்னல் இல்லை என்று முனகியபடி டிக்கெட் கொடுக்கிற கூண்டுக்குப் பின்னால் போனாள்.

கலையரசனுக்கு மூச்சு வாங்கியது. வேப்பங்கன்றுக்கு அடியில் இடுப்பளவு தோண்டியாயிற்று, வெறும் மண்தான் வருகிறது என்றான். போன வருஷத்து வெள்ளத்தில் சமாதி மேடு கரைந்துபோனதிலிருந்து அந்த ஒற்றைக் கன்றுதான் அடையாளம். அம்மா தினமும் அதற்குத்தான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அதை நம்பித்தான் அவனும் தோண்டினான். இன்றைக்குக் கிடைக்காவிட்டால் நாளைக்கு ஜேசிபி அப்பனை மண்ணோடு மண்ணாக அள்ளி லாரியில் கொட்டிவிடும். எந்த ஊர்ப் பள்ளத்தை நிரப்பப் போகுமோ. ஏதாவது பேச்சுக் கொடுத்து, சரியான இடம் எதென்று அம்மாவிடம் கேட்டுச் சொல் என்று கெஞ்சினான். பின்னால் யாரோ இருமுகிற சத்தமும் கடப்பாரை கல்லில் படுகிற சத்தமும் கேட்டன.

குஞ்சம்மாள் போனை அணைக்காமல் முந்தானையில் பொத்திக்கொண்டு திரும்பி வந்தாள். எப்படி ஆரம்பிப்பது? கன்று எப்படி இருக்கிறது என்று கேட்கலாமா, வெள்ளம் வந்த கதையை எடுக்கலாமா? பக்கத்தில் உட்கார்ந்து, யாரோ தெரிந்தவர்கள், சும்மா கூப்பிட்டார்கள் என்றாள்.

பாப்பாத்தி திரும்பவில்லை. ஏரியைப் பார்த்தபடி, தூக்கின் மூடியை அழுத்தி மூடினாள்.

"அந்தக் கன்னு நான் வெள்ளத்துக்கு அப்புறமா அவரு எடத்த வுட்டுத் தள்ளி நட்டதுடி. வாய்க்காலுக்கு இந்தாண்ட, மோட்டார் கொட்டாய் செவுத்த ஒட்டித் தோண்டச் சொல்லு. தல தெக்கால இருக்கும், அந்தப் பக்கம் மட்டும் கடப்பாரய ஓங்க வேணான்னு சொல்லு."