வயிற்று ஓட்டைக்குக் கட்டு

என் கணவர் நெவ்சாத்தின் இதயத்தில் கால்பங்கு வலுகூட மிச்சமில்லை என்று மருத்துவர் சொன்ன அதே வாரம், அவர் குளியலறையில் ஒளிந்துகொண்டு முட்டைக்கோஸ் ஊறுகாய்த் தண்ணீரைக் குடிப்பதைப் பார்த்தேன். புளித்த வாடை கதவிடுக்கு வழியாக வந்து காட்டிக்கொடுத்துவிட்டது.

"ஏன்யா, உப்பு ஆகாதுன்னு எத்தன தடவ சொன்னாங்க? அது வாயா, சாக்கடையா?"

"ஒரே ஒரு மடக்குதான் ஃபெரிஹா."

மறுநாள் எடை இரண்டு கிலோ ஏறியிருந்தது. கால்களை விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. தோல் வெடித்துக் கசிந்த நீரில் காலுறை ஒட்டிக்கொள்ளும். அதை உரித்தெடுப்பது என் வேலை. முப்பத்தொரு வருடம் ஒரே கட்டிலில் படுத்தவள்தான், ஆனாலும் குமட்டியது.

இதயத்தோடு ஒரு பம்பைப் பொருத்துவது என்று இஸ்மிர் நகர மருத்துவமனையில் முடிவெடுத்தார்கள். வாயில் கிருமி இருக்கக் கூடாதென்று முதலில் ஐந்து சொத்தைப் பற்களைப் பிடுங்கினார்கள். வீட்டுக்கு வந்ததும் ரத்த எச்சிலை என் டீ கிளாசிலேயே துப்பி வைத்தார். அந்த கிளாசை அப்படியே குப்பையில் போட்டேன்.

அடுத்த வாரம் நர்ஸ் குல்சும் எங்களை உட்காரவைத்துப் பேசினாள்.

"பம்புலேருந்து ஒரு கம்பி வயித்து வழியா வெளிய வரும்க்கா. அந்த ஓட்டைய சுத்தம் பண்ணிக் கட்டு மாத்தணும். வீட்டுல யார் செய்வீங்க? ஆள் இல்லன்னா ஆபரேஷன் இல்ல."

அண்ணன்தான் என் உயிர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரியும் கொழுந்தன் துன்ஜாயும் கூட வந்திருந்தான்; அவள் காட்டிய ஓட்டைப் படத்தைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் நகர்ந்தான்.

"எனக்கு இதெல்லாம் ஒத்துக்காது அண்ணி. பொம்பளைங்களுக்குத்தான் சரிப்படும்."

அவன் முகத்தில் துப்பத் தோன்றியது.

ரப்பர் வயிறு ஒன்றை வைத்து என்னைப் பழக்கினார்கள். சீழ் பிடித்த ஓட்டை எப்படி இருக்கும் என்று ஒரு புகைப்படம் காட்டினார்கள். கைகழுவும் தொட்டிக்கு ஓடிப்போய் வாந்தியெடுத்தேன்.

திரும்பி வந்தபோது நெவ்சாத் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன். என்னப் பாத்தாலே உனக்கு அருவருப்பா இருக்கு. எனக்குத் தெரியாதா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஆமா, இருக்கு. அதுக்காகச் செத்துப்போவியா? உங்கம்மா படுக்கையில கெடந்த ரெண்டு வருஷம் அள்ளிப் போட்டது யாரு? மூக்கப் புடிச்சிக்கிட்டுதான் அள்ளினேன். இன்னொரு தடவ ஊறுகாய்த் தண்ணி குடி, அந்தக் கம்பியப் புடிச்சி ஒரு இழு இழுக்கறேன்."

"ஐயையோ, கம்பிய மட்டும் இழுக்கவே கூடாதுக்கா!" என்று குல்சும் பதறினாள். நெவ்சாத் பொக்கை வாயால் சிரித்தார். அவர் சிரித்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

கட்டு மாற்றும் சோதனையில் மூன்றாவது முறைதான் தேறினேன். அடுத்த வாரம் அறுவை சிகிச்சை நடந்தது. ஐந்து வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் முதல் கட்டு மாற்றும்போது இருவரும் முகமூடி போட்டுக்கொண்டோம். கம்பியைச் சுற்றி மஞ்சளாகப் பொருக்கு தட்டியிருந்தது. தொண்டை வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"நாறுதா?"

"நாறுது. ஆடாமப் படு."

துடைத்தேன், உலரவிட்டேன், கட்டினேன். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன். அவர் சட்டையை மாட்டி, பம்பின் பேட்டரிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, மூன்று மாடி இறங்கிப் போய் ரொட்டி வாங்கி வந்தார். ஏறும்போது ஒரே ஒரு இடத்தில்தான் நின்றாராம்.