புது ஷாக் மாட்டிய வண்டி

"இன்னும் ஒரு படி எறக்கிப் பாரேன்" என்றார் அப்பா, வண்டியின் மேல் உட்கார்ந்தபடியே.

"மொதல்ல நீங்க எறங்குங்கப்பா. ஏறி உக்காந்துக்கிட்டா எப்படித் திருப்பறது?"

அவர் இறங்க இரண்டு முறை முயன்றார். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டிருந்த மகள் அதைப் பார்த்தாள். புது ஷாக் அப்சார்பரில் வண்டி கொஞ்சம் உயர்ந்துவிட்டது, அதனால்தான் கால் எட்டவில்லை என்று நினைத்துக்கொண்டாள். கொக்கிச் சாவியை ஸ்பிரிங்குக்கு அடியிலிருந்த வளையத்தில் மாட்டி அழுத்தினாள். 'டக்'கென்று ஒரு படி இறங்கியது. மறுபக்கம் போய் அதையும் அதே படிக்குக் கொண்டுவந்தாள்.

உதிரி பாகக் கடையின் கவுண்டரில் ஆறு வருடமாக நிற்பவள் அவள். எந்த வண்டி எங்கே முனகினாலும் காதால் கேட்டே காரணம் சொல்லிவிடுவாள். அப்பா அவளை 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்.

அவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் அளவெடுப்பவர். குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய தெருக்களில் நாள் முழுக்க வண்டி. இரண்டு மாதத்துக்கு முன்னால் இடுப்புக்கு மேலே வலிக்கிறது என்றார். ரோடு அப்படி, வண்டி அப்படி, வலிக்காமல் என்ன செய்யும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அதையே சொன்னாள். டயரில் காற்றைக் குறைத்தாள். சீட்டைப் பிரித்து நல்ல பஞ்சு வைத்துத் தைக்கச் சொன்னாள். பழைய ஷாக்கில் எண்ணெய் கசிவதைக் கண்டதும், போன வாரம் இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டு கேஸ் நிரப்பிய புது ஜோடியை மாட்டினாள்.

மாட்டியதும் ஸ்பிரிங்கைத் தன் எடைக்கு வைத்து அவளே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். குழியில் இறங்கினால் இறங்கியதே தெரியவில்லை. முதலில் கொஞ்சம் துள்ளியது. அடியிலிருந்த திருகை இரண்டு சொடுக்கு திருப்பியதும் அதுவும் அடங்கிவிட்டது. பிறகு ஸ்பிரிங்கை அப்பாவின் எடைக்கு இறுக்கி வைத்தாள். வண்டி சரியாகிவிட்டது, அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அப்படியானால் அப்பாவின் கை ஏன் இன்னும் இடுப்பிலேயே இருக்கிறது என்று ஒரு கேள்வி வந்தது. வந்த வேகத்தில், ஸ்பிரிங் இன்னும் கொஞ்சம் இறுக்கமோ என்று பதிலும் வந்துவிட்டது.

"இப்ப ஏறுங்க."

ஏறினார். டேப்பை வைத்து அளந்தாள். அவர் எடைக்கு எவ்வளவு இறங்க வேண்டுமோ அவ்வளவுதான் இறங்கியிருந்தது.

"எப்படிப்பா இருக்கு?"

வெயில் இன்னும் வாசலுக்கு வரவில்லை, ஆனால் அவர் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"சொகமா இருக்கு, டாக்டர்."

சாப்பாட்டுப் பையோடு வந்த அம்மா, "இன்னைக்கு ஒரு நாள் லீவு போடுங்களேன்" என்றாள்.

"புது ஷாக்க மாட்டிக்கிட்டு எவனாவது வீட்ல உக்காருவானா?"

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மகளைப் பார்த்தாள். பையை வண்டியில் மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மத்தியானத்துக்குச் சற்று முன்பு, கடையில் அவள் ஒருவருக்கு பிரேக் கேபிள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது ஒரு பெண்.

"இந்த ஃபோன் வச்சிருக்கிறவரு உங்களுக்கு என்ன வேணும்?"

"அப்பா."

அந்தப் பெண் ஒரு ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னாள்.

மகளும் அம்மாவும் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டிருந்தது. டாக்டர் இளைஞர். மெதுவாகத்தான் சொன்னார். "வயித்துல இருக்கற பெரிய ரத்தக்குழாய் வீங்கி வெடிச்சிருக்கு. அது வலிச்சா முதுகுலதான் தெரியும். முன்னாடி எப்பவாவது வலின்னாரா?"

"ரெண்டு மாசமா" என்றாள் மகள்.

"யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணில் காலையில் ஒட்டிய கிரீஸ் அப்படியே இருந்தது.

"வண்டிய மாத்திப் பாத்தோம்" என்றாள் அம்மா.

டாக்டர் தலையை ஆட்டிவிட்டு, ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்.

தாழ்வாரத்து பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ தரை துடைத்துக்கொண்டு வந்தார்கள். இருவரும் காலைத் தூக்கிக்கொண்டு, துடைத்து முடிந்ததும் கீழே வைத்தார்கள். அதன் பிறகு அம்மா, எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஒரு வாரமா அவரால படுக்கவே முடியல. உக்காந்தபடிதான் தூக்கம். 'அவகிட்ட சொல்லிடாத, அவ்வளவு ஆசையா மாட்டியிருக்கா'ன்னாரு. நானும் சொல்லல."

மகள் அம்மாவின் பக்கம் திரும்பவில்லை.

எல்லாம் முடிந்து, வந்த உறவுகள் கிளம்பிய மறுநாள், அப்பா கடைசியாக மீட்டர் பார்த்த வீட்டிலிருந்து வண்டியை எடுத்துவர அவள் போனாள். ஃபோனில் பேசிய பெண் தையற்காரி. கழுத்தில் டேப்போடு வெளியே வந்தாள். வண்டியை நிழலில் நிறுத்தி, பழைய போர்வை ஒன்றைப் போர்த்தி வைத்திருந்தாள்.

"மீட்டரப் பாத்து எழுதிட்டு, செத்த உக்காந்துக்கறேன்னு இந்தப் படியில உக்காந்தாரும்மா. மொகமே சரியில்ல. ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னேன். 'வேணாம், எம் பொண்ணு டாக்டரு, காலையிலதான் பாத்தா'ன்னு சிரிச்சாரு. அதனாலதான் நானும் விட்டுட்டேன்." சாவியை நீட்டினாள். "நீங்க எந்த ஆஸ்பத்திரியிலம்மா?"

அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். "கடையில" என்றாள்.

தையற்காரிக்குப் புரியவில்லை. போர்வையை மடித்துக்கொண்டே நின்றாள்.

அப்பாவின் எடைக்கு வைத்த ஸ்பிரிங். அவள் ஏறி உட்கார்ந்தபோது வண்டி கொஞ்சம்கூட இறங்கவில்லை. தோண்டிய தெருவில் ஒவ்வொரு கல்லும் முதுகில் ஏறியது. ஓரமாக நிறுத்தி இரண்டு படி குறைத்துக்கொள்ளலாம், கொக்கிச் சாவி வண்டிப் பெட்டியில்தான் இருந்தது. அவள் நிறுத்தவில்லை.

வீட்டுத் தெருவில் திரும்பியபோது, வண்டிச் சத்தம் கேட்டு, அப்பாவுக்குத் திறக்க வருவதுபோலவே அம்மா வாசலுக்கு வந்துவிட்டிருந்தாள். கேட்டின் ஒரு கதவைத் திறந்து கொக்கி மாட்டியாகிவிட்டது. மற்றதைப் பாதி இழுத்தவள், வருவது யாரென்று பார்த்தாள். கை கம்பியிலேயே நின்றது.

மகள் இன்ஜினை அணைக்காமல், வெளியே காத்திருந்தாள்.