தேர் போன மாதத்துக் கணக்கு

மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்த மறுவருஷம். நகரசபைக் கூட்டத்தில் கணக்காய்வாளர் கலியாணசுந்தரம் எழுந்து, எந்த வட்டாரத்தில் ஒரு வீட்டுக்கு எவ்வளவு துப்புரவுச் செலவு என்று வாசித்தார். காஜா பெராங்தான் ஆகக் கூடுதல். கடைத்தெருவில் ஆவதைப்போல ஒன்றரை மடங்கு.

"காஜா பெராங் வேலைய குத்தகைக்கு விட்டுடலாம்" என்றார், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பதுபோல.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை கோகிலாதான் காஜா பெராங்கின் உறுப்பினர். குத்தகைக்காரன் தன் ஆட்களைக் கொண்டுவருவான். அஞ்சலையும் அவளோடு தெருக் கூட்டுகிறவர்களும் வேலையை இழப்பார்கள், குடியிருக்கும் நகரசபை வரிசை வீடுகளையும் இழப்பார்கள். 'உங்கள் வேலைக்கு நான் பொறுப்பு' என்று ஓட்டுக் கேட்டபோது வாக்குக் கொடுத்தவள் அவள். இனி எந்த முகத்தோடு அந்தத் தெருவில் நடப்பது?

"இது எந்த மாசத்துக் கணக்கு, சார்?"

"மே மாசம்."

அந்த மாதந்தானே செட்டிகளின் மாரியம்மன் திருவிழா. தேர் காஜா பெராங் கோயிலுடையது என்பதால், அது போகிற வழியெல்லாம் காஜா பெராங் ஆட்களே சுத்தம் செய்வது வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வழக்கம். எங்கே கூட்டினாலும் கூலி மட்டும் காஜா பெராங் பெயரில் ஏறும். இவ்வளவு படித்த மனுஷனுக்கு இதை விசாரிக்கத் தோன்றவில்லையே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைத்தெரு உறுப்பினர், துணிக்கடை அப்துல் கய்யூம், செலவு குறைந்த பெருமையில் தாடியை நீவிக்கொண்டிருந்தார்.

"பாய், நீங்களே சொல்லுங்க. தேர் போனப்புறம் உங்க தெருவ சுத்தம் பண்ணது யாரு?"

தாடியில் கை நின்றது. 'எங்கள் ஆட்கள்' என்று சொல்லியிருந்தால் கூட்டம் நம்பியிருக்கும். கய்யூம் அப்படிப்பட்டவரல்ல.

"அஞ்சலை ஆளுங்கதான், டீச்சர். ஒரு வாரமா எங்க சாக்கடையிலதான் கெடந்தாங்க. எங்க ஆளுங்க சம்பளமில்லா லீவுல போயிட்டாங்க."

அதையே சபைத் தலைவருக்கு மலாய் மொழியில் திருப்பிச் சொன்னார். கலியாணசுந்தரம் முகம் சுண்டினாலும் அங்கேயே உட்கார்ந்து, வேலை நடந்த தெருவுக்கே கூலியை மாற்றிக் கணக்குப் போட்டார். ஊரிலேயே குறைந்த செலவு காஜா பெராங்குக்குத்தான் வந்தது. குத்தகை வேண்டாம் என்று முதலில் உயர்ந்தது கய்யூமின் கை.

வாசலில் அஞ்சலை தன் ஆட்களோடு காத்திருந்தாள்.

"உங்க வேலைய இனி யாரும் தொட முடியாது. ஊர்லயே சிக்கனமா, சுத்தமா வேல செய்யறது நீங்கதான்னு சபையே ஒத்துக்கிச்சு" என்றாள் கோகிலா.

அஞ்சலைக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னால் நின்றவர்களைக் கையசைத்துக் கிட்டே வரச் சொன்னாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க டீச்சர், இவங்களும் கேக்கட்டும்."

கோகிலா சொன்னாள், உள்ளே இருந்தவர்களுக்கும் கேட்கும்படி.